படத்தில் நிறமும் கான்ட்ராஸ்டும்: வேண்டிய இடத்தில் மட்டும் திருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதில்கள் எல்லாமே ஒரே படத்தைச் சுற்றி வருகின்றன. மாலை நான்கு மணி, லேசான மூட்டம். நெல் வயல் வரப்பில் சிவப்புப் பாவாடை கட்டிய சிறுமி நிற்கிறாள். தலையில் மல்லிகை, பின்னால் வெளிறிய வானம். கைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் ஜேபெக். கண்ணுக்கு அழகாக இருந்த காட்சி திரையில் சோகையாகத் தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் படத்திருத்த மென்பொருளான கிம்ப் 2.10-ஐ வைத்தே வழிமுறைகள் சொல்லப்பட்டுள்ளன. ஃபோட்டோஷாப்பில் வேறுபடும் இடங்களைத் தனியாகக் குறித்திருக்கிறோம்.

முதலில் எதைத் தொடுவது, நிறத்தையா கான்ட்ராஸ்டையா?

ஒட்டுமொத்தச் சாயலை (படம் முழுக்கப் படிந்திருக்கும் மஞ்சள், நீலம் போன்ற நிறச்சாய்வை) முதலில் சரிசெய்யுங்கள். அடுத்தது கான்ட்ராஸ்ட், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். தனித்தனி நிறங்கள் கடைசியில். சோகையான படத்தைப் பார்த்தவுடன் சாச்சுரேஷன் (நிறச்செறிவு) ஸ்லைடரை வலப்பக்கம் இழுப்பதுதான் பெரும்பாலோரின் வழக்கம். மூட்டத்தில் எடுத்த படத்தில் நிறம் குறைவாகத் தெரிய முக்கியக் காரணம், இருட்டான இடங்கள் முழு இருட்டாக இல்லாததுதான். சாம்பல் திரை போட்டதுபோல எல்லாப் பிக்சலிலும் கொஞ்சம் வெண்மை கலந்திருக்கிறது. அந்தத் திரையை விலக்கினாலே நிறம் பாதி வந்துவிடும். நிறத்தை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு கான்ட்ராஸ்டைக் கூட்டினால் நிறம் இரண்டு முறை ஏறும். பாவாடைச் சிவப்பு மடிப்பே தெரியாமல் அப்பிய சாயம்போல் ஆகிவிடும்.

சாயலைச் சரிசெய்ய வேட்டி, சட்டையின் வெள்ளையைத் தொட்டு எடுக்கலாமா?

வேண்டாம். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்தால் மூன்று சொட்டுக்குழாய்கள் இருக்கும். நடுவில் இருப்பது சாம்பல் புள்ளியை, அதாவது எந்த நிறச்சாய்வும் இல்லாத இடத்தை, தேர்வதற்கானது. அதை வேட்டியில் வைத்து அழுத்தினால் படம் முழுக்க மஞ்சளடிக்கும். நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவோம். சலவைத் தூளிலும் வெண்மையூட்டிகள் இருக்கின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அவை நீல ஒளியை உமிழும். கண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிவது உண்மையில் நீலம் கலந்த வெள்ளை. அதைச் சாம்பல் என்று மென்பொருளுக்குச் சொன்னால், நீலத்தைக் கழிப்பதாக நினைத்து மஞ்சளைக் கூட்டிவிடும்.

சிமென்ட் தரை, தார்ச் சாலை, கருங்கல் தூண் போன்றவை நம்பகமானவை. இவை எதுவும் படத்தில் இல்லையென்றால் கலர்ஸ் > ஆட்டோ > ஒயிட் பேலன்ஸைச் சோதித்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களின் ஒளிப்பரவல் வரைபடங்களிலும் இரு முனைகளில் 0.05 சதவீதப் பிக்சல்களை விட்டுவிட்டு மீதியை முழு அகலத்துக்கு விரிப்பதே அதன் வேலை. வயல் படத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த கோயில் படத்துக்குப் பொருந்தாது. அங்கே மஞ்சள்தான் அழகு, அதைக் கழித்துவிட்டால் சந்நிதி ஆபீஸ் அறைபோல் ஆகிவிடும்.

ஹிஸ்டோகிராமில் எதைப் பார்ப்பது? லெவல்ஸில் என்ன எண் வைப்பது?

ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் 0 (கறுப்பு) முதல் வலப்பக்கம் 255 (வெள்ளை) வரை ஓடும். ஒவ்வோர் ஒளி அளவிலும் எத்தனை பிக்சல்கள் என்பதை அதன் உயரம் காட்டும். நம் படத்தில் குன்று 34-இல் தொடங்கி 224-இல் முடிகிறது. இரு பக்கமும் காலி. திரை போட்டதுபோல் தெரிவது இதனால்தான்.

இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை 34-க்கும், வலப்பக்க வெள்ளை முக்கோணத்தை 224-க்கும் நகர்த்துங்கள். இப்போது 190 படிகளுக்குள் இருந்தது 255 படிகளுக்கு விரிகிறது. அருகருகே 10 படி வித்தியாசம் கொண்டிருந்த இரண்டு இலைகள் இனி 13 படிக்கு மேல் வித்தியாசப்படும். இலைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். நடுவில் இருந்த 128 கிட்டத்தட்ட அங்கேயே (126) நிற்கும். ஆகவே படம் இருட்டியதாகவும் தோன்றாது.

குன்று எங்கே தொடங்குகிறதோ அங்கே நில்லுங்கள், உள்ளே நுழையாதீர்கள். கறுப்பை 60 வரை இழுத்தால் 34-க்கும் 60-க்கும் இடையில் இருந்த முடியின் இழைகள், பாவாடை மடிப்பின் உள்நிழல் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். எங்கே விவரம் அழிகிறது என்று பார்க்க ஃபோட்டோஷாப்பில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு முக்கோணத்தை நகர்த்தலாம். கிம்ப்பில் வியூ > டிஸ்ப்ளே ஃபில்டர்ஸில் கிளிப் வார்னிங் என்ற வடிகட்டி இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கிம்ப் 2.10-இன் லெவல்ஸ், கர்வ்ஸ் சாளரங்களின் மேலே பெர்செப்சுவல், லீனியர் என இரண்டு பொத்தான்கள் உண்டு. லீனியரைத் தொட்டுவிட்டால் குன்று முழுவதும் இடப்பக்கம் ஒடுங்கிவிடும். இங்கே கொடுத்திருக்கும் எண்கள் பெர்செப்சுவலுக்கு. அடுத்து, படத்தை நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டுக்கு மாற்றியிருந்தால் கிம்ப் 255-க்குப் பதிலாக 100-க்குக் கணக்குக் காட்டும். 34 அங்கே 13.3, 224 அங்கே 87.8.

லெவல்ஸ் வைத்ததும் வயல் நன்றாக வந்தது, வானம் வெளுத்துவிட்டது. ஏன்?

அந்தக் குன்றின் வலது முனையே வானம்தான். சிவப்பு 215, பச்சை 220, நீலம் 224 என்றிருந்தது. வெள்ளையை 224-இல் வைத்ததும் அது 243, 250, 255 ஆகிவிட்டது. வெறும் காகிதம். வயலுக்கு வேண்டிய திருத்தம் வானத்துக்கு வேண்டாத திருத்தம். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கூடாது என்று இங்கேதான் புரியும். திருத்தம் எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கின் பயனும் இங்கேயே தொடங்குகிறது.

1. அடிப்படை லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கை) நகலெடுங்கள் (லேயர் > டூப்ளிகேட் லேயர்). லெவல்ஸை மேல் லேயரில் மட்டும் செய்யுங்கள்.
2. மேல் லேயருக்கு வெள்ளை மாஸ்க் சேருங்கள் (லேயர் > மாஸ்க் > ஆட் லேயர் மாஸ்க் > ஒயிட்). வெள்ளை உள்ள இடத்தில் மேல் லேயர் தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் கீழ் லேயர் தெரியும்.
3. மாஸ்க்கின் சிறுபடத்தை அழுத்தித் தேர்ந்தெடுங்கள். டி விசை தூரிகை நிறங்களைக் கறுப்பு வெள்ளையாக்கும், எக்ஸ் அவற்றை இடம் மாற்றும்.
4. கிரேடியன்ட் கருவியில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு என்று தேர்ந்து, படத்தின் உச்சியிலிருந்து அடிவானத்துக்குச் சற்றுக் கீழ் வரை இழுங்கள்.

வானம் பழையபடி மங்கலாக, வயல் தெளிவாக வரும். இடையில் கோடு தெரியாது. சிறுமியின் தலை அடிவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் மாஸ்க்கில் தீட்டிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் செய்யும் தவறு, மாஸ்க்குக்குப் பதிலாகப் படத்தின் மேலேயே தீட்டிவிடுவது. எந்தச் சிறுபடத்தைச் சுற்றிக் கட்டம் தெரிகிறது என்பதைத் தூரிகையை எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆல்ட் விசையோடு மாஸ்க்கை அழுத்தினால் மாஸ்க் மட்டும் திரையில் தெரியும். விட்டுப்போன ஓட்டைகள் அதில்தான் கண்ணில் படும். 2025-இல் வந்த கிம்ப் 3.0-இல் வடிகட்டிகளைப் பின்னால் திருத்தும்படி லேயரிலேயே விட்டுவைக்கலாம். 2.10-இல் அது இல்லை. ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் ஒரு லேயர் நகல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கர்வ்ஸ் எதற்கு? கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் போதாதா?

ஸ்லைடர் நடுப்பகுதியை மையமாக வைத்து இருபக்கமும் ஒரே அளவில் தள்ளும். எந்தப் பகுதியில் வித்தியாசம் கூட வேண்டும் என்று கர்வ்ஸில் நீங்களே சொல்லலாம். கோடு எங்கே செங்குத்தாக நிற்கிறதோ அங்கே கான்ட்ராஸ்ட் கூடும், எங்கே படுக்கிறதோ அங்கே குறையும். ஒரு பகுதிக்குக் கொடுத்தால் இன்னொரு பகுதியிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அதனால் படத்தில் எது முக்கியம் என்று முடிவு செய்யாமல் கர்வ்ஸைத் திறப்பதில் பயனில்லை.

பொதுவான எஸ் வளைவுக்கு மூன்று புள்ளிகள் போதும்: 64-ஐ 54-க்கு இறக்குங்கள், 128-ஐ அங்கேயே நிறுத்துங்கள், 192-ஐ 202-க்கு ஏற்றுங்கள். பத்துப் படிக்கு மேல் நகர்த்தும் தேவை அரிதாகத்தான் வரும்.

கர்வ்ஸ் போட்டதும் பாவாடையின் சிவப்பு தெறிக்கிறதே?

பாவாடையின் ஒரு பிக்சல் சிவப்பு 170, பச்சை 30, நீலம் 40 என்று வைத்துக்கொள்வோம். எஸ் வளைவு உயரத்தில் இருக்கும் சிவப்பை ஏறத்தாழ 178-க்குத் தள்ளும். தாழ்வில் இருக்கும் பச்சையை 24-க்கும் நீலத்தை 32-க்கும் இறக்கும். மூன்றுக்கும் இடையிலான தூரம் கூடிவிட்டது. அந்தத் தூரம்தான் நிறச்செறிவு. நீங்கள் கேட்டது கான்ட்ராஸ்ட், கூடவே வந்தது சாச்சுரேஷன்.

கர்வ்ஸ் செய்த மேல் லேயரின் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் முறையை) நார்மலிலிருந்து லூமினன்ஸுக்கு மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் இதன் பெயர் லூமினாசிட்டி. இப்போது மேல் லேயரின் ஒளி மட்டும் படத்தில் சேரும், நிறம் கீழ் லேயருடையதாகவே நிற்கும். சில படங்களில் இது சற்று வறட்சியாகத் தெரியலாம். அப்போது லேயரின் ஒபாசிட்டியை (கீழே உள்ளதை மறைக்கும் அளவை) 60, 70 சதவீதத்துக்கு இறக்கினால் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு கிடைக்கும்.

வயலின் பச்சையைக் கூட்ட கிரீனைத் தேர்ந்து இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

நாம் பச்சை என்று சொல்வதைக் கணினி மஞ்சள் என்கிறது. கலர்ஸ் > ஹியூ-சாச்சுரேஷனில் நிற வட்டம் ஆறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். சிவப்பு 0 பாகை, மஞ்சள் 60, பச்சை 120, இப்படி 60 பாகைக்கு ஒன்று. நெல் இலையின் ஒரு பிக்சலை எடுத்துப் பாருங்கள்: சிவப்பு 120, பச்சை 140, நீலம் 60. கணக்கிட்டால் 75 பாகை வரும். 30 முதல் 90 பாகை வரை மஞ்சளின் துண்டு. இலை முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இலையில் ஒளி ஊடுருவும்போது மஞ்சள் மேலும் கூடும். மாலை வெயிலில் தென்னை ஓலையும் வாழையிலையும்கூட இப்படித்தான்.

மஞ்சளைத் தேர்ந்து, ஹியூவை (நிற வட்டத்தில் நிறத்தின் இடத்தை) 5 முதல் 8 வரை பச்சைப் பக்கம் நகர்த்துங்கள். சாச்சுரேஷனை 10-இலிருந்து 15 வரை கூட்டுங்கள். அதோடு நிறுத்துங்கள். ஹியூவை 20 தாண்டி நகர்த்தினால் பிளாஸ்டிக் செடியின் பச்சை வந்துவிடும். முற்றிய கதிர்களின் பொன்னிறமும் போய்விடும். நெல் வயலை நேரில் கண்டவர்கள் அதை உடனே உணர்வார்கள். ஓவர்லாப் என்ற ஸ்லைடரை 30, 40-க்கு ஏற்றிவையுங்கள். பூஜ்யத்தில் விட்டால், பக்கத்துத் துண்டுக்குள் விழும் பிக்சல்கள் மாறாமல் நின்று, ஒரே இலையில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சிவப்பைக் கூட்டினால் முகம் செங்கல் நிறமாகிவிடுகிறது.

தோலும் சிவப்புத் துண்டில்தான் இருக்கிறது. மாநிறத் தோலின் ஒரு பிக்சல்: சிவப்பு 150, பச்சை 105, நீலம் 80. இது 21 பாகை. பாவாடை 356 பாகை. சிவப்புத் துண்டு 330-இலிருந்து 30 வரை. இரண்டும் ஒரே கூடையில் இருப்பதால் ஸ்லைடர் பிரித்துப் பார்க்காது. உதடு, குங்குமம், மருதாணி எல்லாம் அதே கூடைதான்.

லைட்ரூம் என்ற மென்பொருளில் ஆரஞ்சு தனி நிறமாக இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. கிம்ப்பில் மாஸ்க் போடுவதே வழி. லேயரை நகலெடுத்துச் சிவப்பைத் திருத்துங்கள். கறுப்பு மாஸ்க் போட்டு, பாவாடைமேல் மட்டும் வெள்ளையால் தீட்டுங்கள். செலக்ட் பை கலர் கருவியால் (ஷிஃப்ட் + ஓ) பாவாடையை அழுத்தித் தேர்ந்துவிட்டு மாஸ்க் சேர்த்தால் வேலை விரைவாகும். முகத்தில் ஒட்டிய துணுக்குகளை மட்டும் பிறகு கறுப்பால் அழித்தால் போதும்.

முகம் இருட்டாக இருக்கிறது. எவ்வளவு வெளிச்சமாக்கலாம்?

நிழலில் விழுந்த முகத்தை நிழலிலிருந்து வெளியே கொண்டுவரலாம். தோலின் நிறத்தை மாற்றக் கூடாது. இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கறுப்பாக இருக்கும் குழந்தையை வெள்ளையாக்கித் தருவது திருத்தம் அல்ல, அந்தக் குழந்தைக்குச் செய்யும் அவமரியாதை. ஆல்பம் போடுமிடங்களில் இது வழக்கமாகிவிட்டது என்பதால் அது சரியாகிவிடாது.

வெளிச்சம் கொடுக்கும் முறை: நகல் லேயரில் கர்வ்ஸைத் திறந்து 90-ஐ 108-க்கு ஏற்றுங்கள். 200-இல் ஒரு புள்ளி வைத்து அங்கேயே பூட்டுங்கள். கறுப்பு மாஸ்க் போட்டு, முகத்தின் அகலத்தில் பாதி அளவுள்ள மென்மையான தூரிகையை 30 சதவீத ஒபாசிட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு என்று இரண்டு மூன்று முறை தீட்டுங்கள். தாடைக்குக் கீழும் கழுத்தோரமும் உள்ள நிழலைத் தொடாதீர்கள். முகத்துக்கு உருவம் கொடுப்பதே அந்த நிழல்தான். அதை நிரப்பினால் முகம் தட்டையாகிவிடும்.

கறுந்தோலில் அழகு மினுக்கத்தில் இருக்கிறது. நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் விழும் சிறு வெளிச்சத்துக்கும் சுற்றியுள்ள நிறத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைக் காப்பாற்றுங்கள். 200-இல் பூட்டுவது அதற்குத்தான். திருத்தியபின் சொட்டுக்குழாயால் தோலை அளந்து பாருங்கள். எந்தத் தோலானாலும் சாதாரண வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம் என்ற வரிசை இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டியிருந்தால் முகத்தில் ரோஸ் ஏறிவிட்டது என்று பொருள்.

பாவாடையை மட்டும் சிவப்பாக விட்டு, மற்றதைக் கறுப்பு-வெள்ளையாக்குவது எப்படி?

லேயரை நகலெடுத்து, மேல் லேயரில் கலர்ஸ் > டீசாச்சுரேட் செய்யுங்கள். வெள்ளை மாஸ்க் சேர்த்து, பாவாடைமேல் கறுப்பால் தீட்டுங்கள். கீழ் லேயரின் சிவப்பு எட்டிப்பார்க்கும். இவ்வளவுதான் அடிப்படை. படம் நன்றாக வருவதும் வராததும் கீழே உள்ள மூன்றைப் பொறுத்தது.

கறுப்பு-வெள்ளையாக்கும் முறை ஒன்று. டீசாச்சுரேட்டில் ஐந்து வழிகள் உண்டு. ஆவரேஜைத் தேர்ந்தால் மூன்று எண்களின் சராசரியை எடுக்கும். லூமா, கண்ணின் உணர்திறனுக்கேற்ப ஏறத்தாழ 0.21 பங்கு சிவப்பு, 0.72 பங்கு பச்சை, 0.07 பங்கு நீலம் என்று கூட்டும். வயலும் பாவாடையும் ஆவரேஜில் 107-உம் 80-உம் ஆகும், 27 படிதான் வித்தியாசம். லூமாவில் 130-உம் 60-உம் ஆகி, 70 படி பிரியும். பெரும்பாலான படங்களுக்கு லூமா அல்லது லூமினன்ஸ் போதும். இலைகள் இன்னும் வெளுப்பாக வேண்டுமென்றால் அதே மெனுவில் உள்ள மோனோ மிக்சரில் பச்சையின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஓரங்கள். 12 மெகாபிக்சல் படத்துக்கு மாஸ்க்கின் ஓரம் 2, 3 பிக்சல் மங்கியிருந்தால் இயல்பாக இருக்கும். கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் ஒட்டுப்படமாகத் தெரியும். 10 பிக்சல் மங்கினால் பாவாடையைச் சுற்றிச் சிவப்புப் புகை. ஜேபெக் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒளியை முழு நுணுக்கத்திலும் நிறத்தைப் பெரும்பாலும் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நுணுக்கத்திலும்தான் ஜேபெக் சேமிக்கிறது. துணியின் ஓரத்தில் சிவப்பு ஓரிரு பிக்சல் வெளியே கசிந்திருப்பது அதனால்தான். மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் போடுங்கள்.

மூன்றாவது, தோல். பாவாடை மட்டும் சிவப்பாகவும் முகமும் கையும் சாம்பலாகவும் இருந்தால் சிறுமி சிலைபோல் ஆகிவிடுகிறாள். அவளையும் நிறத்தோடு விடுவது மேல் என்பதே எங்கள் கருத்து. பாவாடையை ஒட்டித் தொங்கும் கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரல்களின் உள்பக்கத்தில் துணியின் சிவப்பு பட்டு மினுங்கும். அதை அழித்தால் கை வேறு படத்திலிருந்து வந்ததுபோல் இருக்கும். மல்லிகைச் சரத்தைக் கறுப்பு-வெள்ளைப் பக்கமே விடலாம். வெள்ளைப் பூவுக்கு நிறம் தேவையில்லை, வானத்தின் நீலம் படிந்திருந்தாலும் அதோடு போய்விடும்.

ஒரு படத்தில் ஒரு நிறம்தான் நிற்க வேண்டும். பாவாடையும் வளையலும் பலூனும் என்று மூன்றை விட்டால் கண் எங்கே போவதென்று தெரியாமல் அலையும்.

ஃபோட்டோஷாப்பில் உள்ள செலக்டிவ் கலர் இதேதானா?

இல்லை. இமேஜ் > அட்ஜஸ்ட்மென்ட்ஸில் உள்ள செலக்டிவ் கலர் அச்சுத் தொழிலிலிருந்து வந்த கருவி. சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான், நீலம், மெஜந்தா, வெள்ளைகள், நடுநிலைகள், கறுப்புகள் என ஒன்பது பகுதிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அச்சு மையின் நான்கு நிறங்களைக் கூட்டிக் குறைக்கலாம். ஹியூவைச் சுழற்றுவதைவிட இது நுட்பமானது. மஞ்சளைத் தேர்ந்து அதிலுள்ள மெஜந்தாவை 10 குறைத்தாலே இலையின் பழுப்பு விலகும். சிவப்பைத் தேர்ந்து சயானைக் குறைத்தால் பாவாடை தெளியும், கூட்டினால் அடங்கும்.

கீழே ரிலேட்டிவ், ஆப்சல்யூட் என்று இரண்டு உண்டு. 50 சதவீத மெஜந்தா உள்ள பிக்சலில் 10 கூட்டினால், ரிலேட்டிவில் 50-இல் பத்து சதவீதம், அதாவது 5 கூடி 55 ஆகும். ஆப்சல்யூட்டில் நேரே 60. பழகும் வரை ரிலேட்டிவிலேயே இருங்கள். கிம்ப்பில் இதே பெயரில் கருவி இல்லை. ஹியூ-சாச்சுரேஷனும் மாஸ்க்கும் சேர்ந்து அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

ஒட்டுமொத்த கான்ட்ராஸ்ட் சரியாகிவிட்டது, ஆனாலும் படம் தட்டையாகவே இருக்கிறது.

அருகருகே உள்ளவற்றின் வித்தியாசம் குறைவாக இருக்கலாம். ஃபில்டர்ஸ் > என்ஹான்ஸில் அன்ஷார்ப் மாஸ்க்கைத் திறந்து, ரேடியஸ் 50, அமவுன்ட் 0.2, த்ரெஷோல்ட் 0 என்று வையுங்கள். கூர்மையாக்கும் கருவிதான், ஆனால் இவ்வளவு பெரிய ரேடியஸில் வேறு வேலை செய்யும். ஓரங்களை விட்டுவிட்டு நாற்றுக் குத்துகள், துணி மடிப்புகள் போன்ற நடுத்தர உருவங்களை எடுத்துக்காட்டும். இதையும் தனி லேயரில் செய்து முகத்தை மாஸ்க்கால் மறைத்துவிடுங்கள். தோலின் ஒவ்வொரு மேடுபள்ளமும் பெரிதாகத் தெரிவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

அளவு மீறினால் வானத்தை ஒட்டிய தென்னை மரங்களைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தோன்றும். ஷேடோஸ்-ஹைலைட்ஸ் கருவியை அதிகம் இழுத்தாலும் இதேதான் நடக்கும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் வட்டம் நன்றாகத் தெரியும். முழு அளவில் பார்க்கும்போது தப்பிவிடும்.

வானத்தில் வரி வரியாகத் தெரிகிறதே?

8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். லெவல்ஸில் 34 முதல் 224 வரை இருந்த 191 படிகளை 256-க்கு விரித்தபோது 65 படிகள் காலியாகிவிட்டன. ஹிஸ்டோகிராம் சீப்புப் பல்லாகத் தெரிவதும் இதனால்தான். வயலில் இது கண்ணில் படாது. மெதுவாக நிறம் மாறும் வானத்தில் ஒவ்வொரு காலி இடமும் ஒரு கோடாகும்.

வேலை தொடங்கும் முன் இமேஜ் > ப்ரிசிஷனில் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். இல்லாத விவரம் வந்துவிடாது, ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் எண்கள் முழுமையாக்கப்பட்டுத் தேய்வது நிற்கும். 12 பிட் ரா கோப்பில் (கேமரா பதிந்ததைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் கோப்பு) 4096 படிகள், 14 பிட்டில் 16384 படிகள். வானம் முக்கியமான படமென்றால் ராவில் எடுப்பதே நல்லது. கோடு ஏற்கெனவே வந்துவிட்டால், வானத்தில் மட்டும் மிகக் குறைந்த அளவு நாய்ஸ் (மணல்போன்ற நுண்புள்ளிகள்) சேர்த்தால் மறையும். வானம் மூன்று நிறத்திலும் 255 என்று அளவு காட்டினால் அங்கே எதுவும் இல்லை. வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

வீட்டில் உள்ள பழைய கலர் ஆல்பம் சிவந்துவிட்டது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். 1970, 80-களில் அச்சிட்ட பல கலர் படங்களில், இருட்டில் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சயான் சாயம் மற்றவற்றைவிட விரைவில் மங்குகிறது. சிவப்பு ஒளியை உறிஞ்ச வேண்டியது சயான்தான். அது போனதும் கறுப்பாக இருக்க வேண்டிய தலைமுடியும் கோட்டுச் சட்டையும் செம்பழுப்பாகிவிடுகின்றன.

ஸ்கேனரில் தானியங்கித் திருத்தங்களை நிறுத்துங்கள். 48 பிட் கலர், 600 டிபிஐ என்று வைத்து டிஃப் கோப்பாக எடுங்கள். பிறகு லெவல்ஸில் சேனல் என்ற இடத்தில் வேல்யூவை விட்டு ரெட்டைத் தேர்ந்தெடுங்கள். குன்று இடப்பக்கம் வெகுதூரம் காலியாக, 85, 90-இல் தொடங்குவதைக் காண்பீர்கள். கறுப்பு முக்கோணத்தை அந்தத் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து கிரீன், பிறகு ப்ளூ, ஒவ்வொன்றையும் அதனதன் இரு முனைகளுக்கு. மூன்றாவது சேனல் முடியும்போது பட்டுப்புடவையின் நிறம் வெளியே வரும். பல வீடுகளில் அது ஒரு பெரிய கணம். மீதமிருக்கும் சாயலை நடு முக்கோணத்தால் சேனல்வாரியாகச் சரிசெய்யலாம். மூன்று சேனலையும் ஒன்றாக இழுத்தால் இது நடக்காது, சிவப்பு மேலும் அடர்த்தியாகும்.

கைபேசியிலேயே செய்ய வழி?

கூகுளின் ஸ்னாப்சீடில் செலக்டிவ் என்ற கருவி இருக்கிறது. திருத்த வேண்டிய இடத்தைத் தொட்டால் ஒரு புள்ளி விழும். இரண்டு விரலால் விரித்தும் சுருக்கியும் அதன் எல்லையை மாற்றலாம். மேலும் கீழும் தடவினால் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் என்று மாறும். இடமும் வலமும் தடவினால் அளவு மாறும். அந்த வட்டத்துக்குள் ஒத்த நிறமுள்ள பகுதியை அதுவே தேடிப் பிடிக்கும். முகத்துக்கு ஒரு புள்ளி, பாவாடைக்கு ஒரு புள்ளி போதும். புதிய கைபேசிகள் எடுக்கும்போதே பல பிரேம்களைச் சேர்த்து நிழலை ஏற்றிவிடுகின்றன. அந்த நிழலை மறுபடி ஏற்றினால் புள்ளிப் புள்ளியாக நிறத்திட்டுகள் கிளம்பும்.

திரையில் நன்றாக இருந்தது, அச்சில் இருட்டாக வந்தது.

திரையின் வெளிச்சம் முழு அளவில் இருந்திருக்கும். தாளின் வெண்மையோடு ஒப்பிட்டு, பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாளும் திரையின் வெள்ளையும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் வரை திரையைக் குறையுங்கள். அதன் பிறகு திருத்தத் தொடங்குங்கள். 6×4 அங்குல அச்சுக்கு 300 டிபிஐ என்றால் 1800×1200 பிக்சல் வேண்டும். அச்சிடும் லேபுக்குப் பொதுவான நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். பெரிய அச்சு கேட்கும் முன் சிறிய ஒன்றைப் போட்டுப் பார்ப்பது செலவல்ல, சேமிப்பு.

லேயர்களோடு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவையுங்கள். ஜேபெக்கை 90-க்கு மேல் தரத்தில், கடைசியில் ஒரே ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக இணையுங்கள். படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு, நீங்கள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய வானத்தில் மீண்டும் கோடுகள் விழும்.

செய்திக்கோ சான்றுக்கோ போகும் படத்தில் இதையெல்லாம் செய்யலாமா?

வெளிச்சம், சாயல், மிதமான கான்ட்ராஸ்ட் வரை சரி. ஒரு நிறத்தை மட்டும் ஏற்றுவதும் பின்னணியை நிறமற்றதாக்குவதும் கூடாது. காயத்தின் சிவப்பு, வெள்ள நீரின் கலங்கல், பயிரின் வாடல் இவையெல்லாம் அங்கே தகவல். பயிர்ச் சேதத்துக்கு விண்ணப்பிக்க எடுத்த வயல் படத்தில் மஞ்சளைப் பச்சையாக்கிவிட்டால், சேதமே இல்லை என்று படம் சொல்லிவிடும். அந்த மாதிரிப் படங்களின் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.